ஏழாம் பாறையில் இரண்டு களவா

முப்பத்தோராவது நிமிடம், பதினாறாவது நொடி. குமாரவேல் படத்தை நிறுத்தினார். மீன் பாதிதான் வந்திருந்தது. தலையும் செவுளும் திரைக்குள், மிச்ச உடம்பு பாறைக்குப் பின்னால். வலது அம்புக்குறியை ஒருமுறை தட்டினார். மீன் ஒரு விரல் அகலம் நகர்ந்தது. இன்னொரு தட்டு. முதல் பட்டை வெளியே வந்தது. இரண்டாவது, மூன்றாவது. நான்காவது பட்டைக்குக் கீழே அந்த வளையம் தெரிந்ததும் கையை எடுத்தார். வட்டமாக ஏழு புள்ளிகள், நடுவில் ஒன்று. புடவைக் கரையில் போடுகிற ருத்திராட்சம் அச்சாக அதேதான்.

“போறவரு,” என்றார்.

அறையில் கேட்க ஆள் இல்லை. கீழ்வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது.

தூத்துக்குடிக்குத் தெற்கே கடலில், பதினெட்டு மீட்டர் ஆழத்தில் எடுத்த படம் அது. ஓர் இரும்புச் சட்டம், அதன் மேல் கேமரா. கேமராவுக்கு முன்னால் நீட்டிய குழாயின் நுனியில் ஒரு வலைப்பை, பைக்குள் நசுக்கிய மத்தி. படகிலிருந்து கயிற்றில் கட்டி இறக்கிவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து இழுத்துக்கொள்வார்கள். மத்தி வாடைக்கு எது வருகிறதோ அது படத்தில் விழும். எதையும் பிடிப்பதில்லை, கொல்வதில்லை. மாதம் ஒருமுறை பன்னிரண்டு இடங்களில் இப்படி இறக்குகிறார்கள். சென்னையில் இருக்கும் ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் வேலை. கடலில் என்னென்ன மீன் இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, வருஷத்துக்கு வருஷம் கூடுகிறதா குறைகிறதா என்று பார்ப்பதற்கு. படங்கள் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு மாடி அறைக்கு வந்துசேரும். குமாரவேல் அவற்றை நொடி நொடியாகப் பார்த்து மீன்களை எண்ணுவார்.

அவர் மீன் சாப்பிட்டதில்லை. அவர் வீட்டில் நாலு தலைமுறையாக யாரும் சாப்பிட்டதில்லை. கடலை இரண்டு முறை பார்த்திருக்கிறார், இரண்டு முறையும் அஸ்தி கரைக்கப் போனபோது.

எண்ணுவதற்கு ஒரு விதி உண்டு. வந்த மீன் போய்விட்டுத் திரும்ப வரும். திரும்பி வந்தது அதேதானா, வேறொன்றா என்று சொல்ல முடியாது. அதனால் வரவர எண்ணிக்கொண்டே போகக் கூடாது. படம் முழுக்கப் பார்த்து, ஒரே சமயத்தில் அதிகபட்சம் எத்தனை தெரிந்தன என்று மட்டும் எழுத வேண்டும். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் மேக்ஸ் என். ஒரு மணி நேரத்தில் நூறு தரம் சங்கரா மீன் வந்து போயிருக்கலாம். ஒன்றாக ஆறு தெரிந்திருந்தால் ஆறு. அறுபதாவது நிமிடத்தோடு எண்ணிக்கை முடிந்தது. அதன் பிறகு கேமரா மேலே வரும்வரை ஓடுகிற படம் கணக்கில் வராது.

முதல் நாள் ஆராய்ச்சி நிலையத்துப் பெண் கீர்த்தி தொலைபேசியில் இதைச் சொன்னபோது குமாரவேலுக்கு உடனே பிடித்துப்போனது. தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்கிற விதி. அப்படி ஒன்றை அவர் வேறு எங்கும் பார்த்ததில்லை.

பத்தொன்பது வயதில் அவர் கிராப் போட வந்தார். ஜரிகைக் கரைக்கும் முந்தானைக்கும் வேண்டிய உருவங்களைக் கட்டம் போட்ட தாளில் எழுதும் வேலை. ஒரு கட்டம் ஒரு இழை. அதைப் பார்த்து அட்டையில் துளை அடிப்பார்கள், அட்டை தறிக்குப் போகும். மயில், அன்னம், யாளி, கோபுரம். எந்த உருவமானாலும் பாதிதான் போடுவார். மறுபாதியைத் திருப்பிக்கொள்ளலாம். முப்பத்து நாலு வருஷம் பாதி கோபுரம், பாதித் தாமரை என்று போட்டிருக்கிறார். ஐம்பது வயதில் கம்ப்யூட்டர் வந்தது, அதையும் கற்றுக்கொண்டார். அப்புறம் முதலாளி டிசைன் வேலையை மகனோடு பெங்களூருக்கு அனுப்பிவிட்டார். குமாரவேல் வீட்டுக்கு வந்தார்.

அதே வருஷம் ஓசூரில் மகள் புவனேஸ்வரிக்குக் குழந்தை பிறந்தது. மனைவி இந்திராணி ஆறு மாதம் பார்த்துக்கொள்ளப் போனாள். மகளுக்கு வேலை, மாப்பிள்ளைக்கு வேலை. ஆறு மாதம் மூன்று வருஷம் ஆயிற்று. சண்டை எதுவும் இல்லை. தீபாவளிக்கு வருவாள், நாலாம் நாள் போய்விடுவாள். நீங்களும் வந்துடுங்களேன் என்று முதல் வருஷம் சொன்னாள். அங்கே இரண்டே அறை. இப்போது சொல்வதில்லை.

தம்பி மகன் ஆனந்தகுமார்தான் இந்த மீன் வேலையைப் பிடித்துக் கொடுத்தது. கட்டம் கட்டமாகப் பார்க்கிற கண் வேண்டும், உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்காத ஆள் வேண்டும் என்று கேட்டார்களாம். ‘எங்க பெரியப்பாவ உட்டா உலகத்துலயே வேற ஆள் கிடையாது’ என்றானாம். பாராட்டா கேலியா என்று குமாரவேல் கேட்கவில்லை.

ஏழாம் இடம் ஒரு தனிப் பாறை. திரையின் இடது பக்கம் பாறை, வலது பக்கம் மணல். பன்னிரண்டு இடங்களில் அதுதான் ஏழை. கொஞ்சம் கிளிமீன், இரண்டு நகரை, சில மாதம் அதுவும் இல்லை. ஆனால் அங்கே ஒரு பெரிய களவா இருந்தது. மேசை நீளம், அடர்ந்த பழுப்பு, மேலெல்லாம் புள்ளி. அது அவசரப்படாமல் பாறையிலிருந்து வந்து, மத்திப் பையை முகர்ந்தும் முகராமலும் கடந்து, மணல் பக்கம் போய் மறையும். நாலைந்து நிமிடம் கழித்து மணல் பக்கத்திலிருந்து இன்னொரு களவா வந்து பாறைக்குள் போகும். அதே அளவு, அதே பட்டைகள். ஆனால் நான்காம் பட்டைக்குக் கீழே வளையம் இருக்காது. பட்டையே அங்கே ஒரு கோணல் கோடாகப் பிளந்திருக்கும்.

முதலாவது போகிறவர். இரண்டாவது வருகிறவள். இரண்டு ஷிப்ட் பார்க்கிற குடும்பம் மாதிரி என்று நினைத்துக்கொண்டார். ஆறு மாதம், ஆறு படம். அந்த ஆறு படங்களையும் எத்தனை தரம் பார்த்தார் என்பதற்குக் கணக்கில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது ஏழாம் பாறையைப் போட்டுவிடுவார். தட்டை மடியில் வைத்துக்கொண்டு பார்ப்பார். மத்திப் பை தொங்கும், தூசி மிதக்கும். போகிறவர் போவார். இவர் ரசம் சாதத்துக்கு வரும்போது வருகிறவள் வருவாள்.

கைபேசி அடித்தது. கீர்த்தி. ஆராய்ச்சி நிலையத்தில் இவர் எண்ணி அனுப்புவதை வாங்கிச் சேர்க்கிற பெண். வாரத்தில் இரண்டு நாள் கூப்பிடுவாள். ஓசூரைத் தவிர அந்தக் கைபேசிக்கு வேறு யாரும் கூப்பிடுவதில்லை.

“சார், வெள்ளிக்கிழமை மீட்டிங் சார். பன்னெண்டு ஸ்பாட்ட எட்டா குறைக்கறாங்க. போட்டுக்கு டீசல் கட்டுப்படியாகலயாம்.”

“எது எதுமா போவுது?”

“இன்னும் முடிவாகல. ஏழு கண்டிப்பா போயிடும். அங்க ஒண்ணுமே இல்லையே சார்.”

குமாரவேல் திரையைப் பார்த்தார். வளையம் அப்படியே நின்றிருந்தது.

“களவா இருக்குதேமா.”

“ஒண்ணுதானே சார்.”

“ரெண்டு.”

“சார், மேக்ஸ் என் ஒண்ணுன்னு நீங்கதான் போட்டிருக்கீங்க. ஆறு மாசமும் ஒண்ணு.”

“ஒண்ணா வர்லமா. அதுக்குன்னு இல்லன்னு ஆயிடுமா? எங்க தெருவுல புருஷனும் பொண்டாட்டியும் சேந்து நடந்து போயி நான் பாத்ததே இல்ல. அதுக்குன்னு எல்லாரும் பிரம்மச்சாரியா?”

கீர்த்தி சிரித்தாள். சிரித்து முடித்து, குரலை இறக்கிக் கேட்டாள்.

“நிஜமாவே வேற வேறயா சார்? அடையாளம் காட்ட முடியுமா?”

“ஒருத்தருக்கு வளையம் இருக்குது. ஒருத்தருக்கு இல்ல. படம் எடுத்து அனுப்பறேன், பாரு.”

“அனுப்புங்க சார். அவ்ளோ பெரிய களவா ரெண்டு ஒரே பாறைல இருக்குன்னா விடவே மாட்டாங்க. இப்பல்லாம் அந்த சைஸ் வலையில கூட வர்றதில்ல. அடையாளம் தெளிவா இருந்தா குறிப்பு போட்டு ரெண்டுன்னு காட்டலாம். ரூல்லயே இருக்கு.”

அன்று மாலைக்குள் குறிப்பில் இரண்டு என்று எழுதி, இரண்டு படம் அனுப்பினார். வளையத்தைச் சுற்றிச் சிவப்பில் ஒரு கட்டம், கோணல் பட்டையைச் சுற்றி ஒரு கட்டம். செவ்வாய்க்கிழமை பதில் வந்தது. ‘சூப்பர் சார். இதான் என் முதல் ஸ்லைடு.’ அதைப் பலமுறை படித்தார். பிறகு எழுந்து போய், அழுக்காக இல்லாத தண்ணீர்க் குடத்தைக் கழுவி வைத்தார்.

புதன்கிழமை இந்திராணி கூப்பிட்டபோது சொன்னார்.

“ஜோடியா?” என்றாள்.

“ஆமா.”

“சண்ட கிண்ட போடுதா?”

“அவரு போறாரு, அவங்க வர்றாங்க. சண்ட போட நேரம் எங்க இருக்குது?”

அந்தப் பக்கம் குழந்தை எதையோ தரையில் தட்டிக்கொண்டிருந்தது.

“எது ஆம்பள, எது பொம்பள?”

“வளையம் இருக்கிறது ஆம்பளன்னு வெச்சிருக்கிறேன். சரியாத் தெரியல.”

“தெரியாமலேவா குடும்பம் கட்டிட்டீங்க? கேட்டுச் சொல்லுங்க,” என்றாள் இந்திராணி.

யாரைக் கேட்பது? வியாழக்கிழமை காலை குமாரவேல் மீன் மார்க்கெட்டுக்குப் போனார்.

அங்கே செல்லியம்மாளை அவருக்குத் தெரியும். அவள் மகன் யேசுதாஸ் முன்பு அட்டை அடித்தவன். இவர் போட்ட கிராப்பைப் பார்த்துத் துளை அடிப்பான். இப்போது ஆட்டோ ஓட்டுகிறான். அம்மாவின் மீன் பெட்டியைக் காலையில் அவன்தான் கொண்டுவந்து இறக்குவான். குமாரவேல் ஈரத் தரையில் செருப்பை ஊன்றி ஊன்றி நடந்துவருவதைச் செல்லியம்மாள் தூரத்திலேயே பார்த்துவிட்டாள்.

“இன்னா கிராப்பு சாரே, வழி மாறிட்டியா? கோயிலு அந்தாண்ட.”

“களவா இருக்குதா?”

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். “எத்தினி பேருக்கு?”

“சாப்பிட இல்ல. பாக்க.”

“பாக்கவா? இது இன்னா பொண்ணு வூடா?”

பக்கத்தில் இறால் உரித்துக்கொண்டிருந்த மேரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். குமாரவேலுக்குக் காது சூடாயிற்று. வந்தது வந்தாகிவிட்டது.

“அதுல ஆம்பள பொம்பள எப்டி கண்டுபிடிப்ப?”

“வயித்த அறுத்து முட்டயிருந்தா பொம்பள. அறுக்காம கேட்டா அது எங்க சொல்லுது?”

சொல்லிக்கொண்டே ஐஸுக்குள் கையைவிட்டு ஒரு களவாவை எடுத்தாள். இரண்டு சாண் நீளம்தான் இருக்கும். ஏழாம் பாறை ஆட்களோடு பார்த்தால் குழந்தை. “காசிமேட்டுலருந்து நேத்து வந்தது. பாரு, நல்லாப் பாரு. பாக்கிறதுக்குக் காசு இல்ல.”

தொடாமல் குனிந்து பார்த்தார். ஒரு மீனை நேரில் இவ்வளவு கிட்டத்தில் பார்ப்பது இதுதான் முதல் தரம். கண் தானாக எண்ணியது. ஐந்து பட்டை. மூன்றாம் பட்டைக்குக் கீழே நாலு புள்ளி சாய்ந்த வரிசையில். வால் பக்கம் ஒரு வெளிறிய திட்டு.

“செவுளப் பாரு, ரத்தமா இருக்குது,” என்று அவள் மீனை மறுபக்கம் திருப்பிச் செவுளை விரலால் நெம்பினாள்.

சாய்ந்த வரிசை இல்லை. மூன்றாம் பட்டைக்குக் கீழே வெறுமையாக இருந்தது. நான்காவது பட்டை கீழே இரண்டாகப் பிரிந்திருந்தது.

“இது வேற மீனு,” என்றார்.

“இன்னாது?”

“முன்ன காமிச்சது இது இல்ல. மாத்திட்ட.”

செல்லியம்மாள் மேரியைப் பார்த்தாள். மேரி இறாலை விட்டுவிட்டு எழுந்தே வந்தாள். “அக்கா, எங்களுக்கெல்லாம் சொல்லாம மேஜிக் கத்துக்கினியா?”

“கையில இருக்கிறது ஒண்ணுதாம்பா! கண்ண நல்லாத் தொறந்து பாரு.” மீனை அவர் முகத்துக்கு நேரே பிடித்துத் திருப்பினாள். சாய்ந்த வரிசை. மறுபடி திருப்பினாள். பிரிந்த பட்டை.

“ரெண்டு பக்கமும் ஒண்ணா இல்லயே.”

“ஏன் இருக்கணும்? எனக்கு மச்சம் இந்தக் கன்னத்துலதான் இருக்குது. அந்தப் பக்கத்துலருந்து பாத்தா நான் செல்லியம்மா இல்லன்னுடுவியா?”

“இன்னொரு தபா திருப்பு.”

திருப்பினாள்.

“இன்னொரு தபா.”

“செத்த மீனா இருக்கவே சரியாப் போச்சு. உசுரோட இருந்தா அதுக்குத் தலசுத்து வந்திருக்கும்.” சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. “இன்னாபா ஆச்சு? வூட்ல யார்னா சரியில்லயா?”

“ஒண்ணும் இல்லமா,” என்றார் குமாரவேல்.

வெளியே வந்து நடந்தார். பட்டுக்கடை வாசல்களில் ஆட்கள் நின்றுகொண்டு கோயிலுக்கு வந்த வெளியூர்க்காரர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு கடையின் கண்ணாடிக்குள் அகல விரித்த புடவை. முந்தானையில் எதிரெதிராக இரண்டு மயில். அவற்றில் ஒன்றைத்தான் எவனாவது போட்டிருப்பான். மற்றது திருப்பியது. முப்பத்து நாலு வருஷத்தில் ஒருநாள்கூட மறுபாதி எப்படி இருக்கும் என்று அவர் யோசித்ததில்லை. யோசிக்க என்ன இருக்கிறது? பாதி தெரிந்தால் முழுவதும் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் சாப்பிடவில்லை. ஒரு தாளை எடுத்து, ஆறு படத்திலும் களவா வந்த நேரங்களை வரிசையாக எழுதினார். மொத்தம் பதினோரு தரம். பக்கத்தில் யார் என்று எழுதினார். போகிறவர். வருகிறவள். போகிறவர். வருகிறவள். எந்தப் படத்திலும் போகிறவர் அடுத்தடுத்து இரண்டு தரம் போகவில்லை. எந்தப் படத்திலும் வருகிறவள் முதலில் வரவில்லை. மூன்றாம் படத்தில் மட்டும் ஒருவர் போயிருந்தார், யாரும் வரவில்லை. அந்த மாதம் அவர் கொஞ்சம் கவலைப்பட்டதுகூட நினைவுக்கு வந்தது.

வளையம் எப்போதும் வலப்பக்கம் போகிற மீனில். கோணல் பட்டை எப்போதும் இடப்பக்கம் வருகிற மீனில். அது அவர் கையெழுத்திலேயே இருந்தது.

ஆனாலும் இதனால் மட்டும் ஒன்று என்று ஆகிவிடாது. இரண்டு மீனுக்கு அப்படி ஒரு பழக்கம் இருக்கலாம். நம்புவதற்கு இடம் இருந்தது. அந்த இடத்தில் அவர் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

பிறகு, இதுவரை பார்க்காத பகுதிகளைப் பார்க்க ஆரம்பித்தார். அறுபது நிமிடத்துக்குப் பிறகு மிஞ்சிய துண்டுகள். ஒரு படத்தில் மூன்று நிமிடம், ஒன்றில் ஐந்து. பெரும்பாலும் எதுவும் இல்லை. கயிறு இறுகும், தூசி கிளம்பும், தரை விலகிப் போகும். அவ்வளவுதான்.

நான்காம் படம். அறுபத்தொன்றாவது நிமிடம் நாற்பத்தெட்டாவது நொடி. பாறைக்குப் பின்னாலிருந்து களவா வந்தது. வளையம் தெரிந்தது. மத்திப் பைக்கு நேராக வந்தபோது மேலே கயிற்றை இழுத்தார்கள். சட்டம் ஒரு ஆட்டம் ஆடியது. மீன் நின்றது. குமாரவேல் படத்தை நிறுத்திவிட்டு ஒவ்வொரு தட்டாகத் தட்டினார். மீன் கேமராவின் பக்கம் திரும்பியது. வளையம் மெலிந்து, சப்பையாகி, விளிம்புக்குப் போய் மறைந்தது. முகம் வந்தது. கீழுதடு முன்தள்ளிய, வயதான முகம். இரண்டு கண்ணும் ஒரே நேரத்தில் அவரைப் பார்த்தன. ஆறு மாதத்தில் அந்த முகத்தை நேராகப் பார்ப்பது அதுதான் முதல் தரம். இன்னும் தட்டினார். முகம் விலகியது. மறுபக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. முதல் பட்டை, இரண்டாவது, மூன்றாவது. நான்காவது, கோணலாகப் பிளந்த பட்டை. அது பாறைக்குள் திரும்பிப் போயிற்று.

இருபத்திரண்டு தட்டு. முன்னால் போய்ப் பின்னால் வந்து மறுபடி பார்த்தார். இருபத்திரண்டுதான்.

கீழ்வீட்டுத் தறி எப்போது நின்றது என்று தெரியவில்லை. கோயில் மணி அடித்தது. வெயில் ஜன்னலை விட்டு இறங்கியிருந்தது.

அந்த நிமிடங்கள் கணக்கில் வராதவை. யாரும் அவற்றைப் பார்க்கப்போவதில்லை. கீர்த்தி பார்க்க மாட்டாள். அவள் பார்க்க வேண்டாம் என்பதற்காகத்தான் இவரை வைத்திருந்தார்கள். இரண்டு என்று சொன்னால் அடுத்த மாதம் ஏழாம் பாறையில் கேமரா இறங்கும். அதற்கடுத்த மாதமும். ஒன்று என்று சொன்னால் இறங்காது. கேட்பதற்கு ஆள் இல்லை, கேட்டாலும் விதிப்படி இவர் அறுபதோடு நிறுத்தியிருக்க வேண்டியவர்தான்.

இருபத்தெட்டு வயதில் ஒரு மயிலுக்குக் கண் வைக்க மறந்துவிட்டார். ஒரே ஒரு கட்டம். அது தறிக்குப் போய், நாற்பது புடவை நெய்து இறங்கி, விற்றும்போயிற்று. யாரும் கவனிக்கவில்லை. முதலாளிக்குத் தெரியாது. இரண்டு வருஷம் கழித்து ஒரு கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது மணப்பெண்ணின் அத்தை அந்தப் புடவையில் எதிரே வந்து ஜாங்கிரி பரிமாறினாள். முந்தானை முழுக்கக் குருட்டு மயில்கள். எழுந்து வந்துவிட்டார். கை கழுவும்போது இந்திராணி கேட்டாள், என்னங்க ஆச்சு என்று. அவளிடமும் சொல்லவில்லை.

கைபேசியை எடுத்துக் கீர்த்தியைக் கூப்பிட்டார். அவராகக் கூப்பிட்டது அதுவே முதல் முறை.

“சார்? என்ன சார், எதாச்சும் பிரச்சனையா?”

“அந்தக் களவா ஒண்ணுதாமா.”

“புரியல சார்.”

“ரெண்டு இல்ல. ஒண்ணுதான். வலப்பக்கம் வளையம், எடப்பக்கம் கோணல். நாலாவது படத்துல அறுபத்தொண்ணு நாப்பத்தெட்டுல திரும்புது. ரெண்டு பக்கமும் தெரியுது.”

“அறுபத்தொண்ணா? அது கணக்குலயே வராதே சார்.”

“கணக்குல வராதுமா. ஆனா ஒண்ணுதான்.”

அவளுக்குப் பின்னால் யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது.

“ரெண்டு போட்டோவும் பெரிசாப் போட்டு வெச்சிருந்தேன் சார்.”

“எடுத்துடுமா. தப்பு என்னுதுன்னு சொல்லிடு. நான் பாதியத் திருப்பினா மீதி வந்துடும்னு நெனச்சுக்கினு இருந்துட்டேன்.”

“என்ன சார்?”

“ஒண்ணும் இல்ல. பழக்கம்.”

“ஏழாவது போயிடும் சார்.”

“தெரியும்மா.”

“அடுத்த வருஷம் வேணும்னா கேட்டுப் பாக்கறேன்,” என்றாள் கீர்த்தி. அவள் சின்னப் பெண், அதைச் சொல்லாமல் கைபேசியை வைக்க முடியவில்லை. “தேங்க்ஸ் சார். சொன்னதுக்கு.”

கைபேசியை மேசையில் வைத்தார். திரையில் களவா பாதி திரும்பியபடி நின்றிருந்தது. வளையமும் தெரியவில்லை, கோணலும் தெரியவில்லை. குறிப்புப் பட்டியைத் திறந்து, இரண்டு என்பதை அழித்து ஒன்று என்று எழுதினார். சேமித்தார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தார். குழாயில் ஆறு மணிக்குத் தண்ணீர் வந்தது. இரண்டு குடம் பிடித்தார். குளித்துவிட்டு காமாட்சியம்மன் கோயிலுக்குப் போனார். கூட்டமாக இருந்ததால் வெளியிலிருந்தே கும்பிட்டுவிட்டு வந்தார். சுரைக்காய்க் கூட்டு வைத்தார். பத்து மணிக்குச் சென்னையில் மீட்டிங் என்பது நினைவில் இருந்தது. பன்னிரண்டே காலுக்குக் கீர்த்தி ஒரு பட்டியல் அனுப்பினாள். ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, எட்டு, ஒன்பது, பதினொன்று, பன்னிரண்டு. ‘சரிம்மா’ என்று பதில் போட்டார். சாப்பிடும்போது கம்ப்யூட்டரைத் திறக்கவில்லை. இரண்டு மணிக்குத் திறந்து மூன்றாம் இடத்தின் புதுப் படத்தைப் போட்டார். மணல். நாலாம் நிமிடத்தில் ஒரு சங்கரா வந்தது. எழுதிக்கொண்டார். போகப்போக ஒன்றாக ஆறு தெரிந்தன. மேக்ஸ் என் ஆறு. நாலு மணிக்கு இந்திராணி கூப்பிட்டாள். ஜோடி எப்படி இருக்கிறது என்று கேட்டாள். இருக்குது என்றார். எது ஆம்பளை என்று கேட்டீங்களா என்றாள். அறுத்துத்தான் பாக்கணுமாம் என்றார். சாப்பிட்டாரா என்று கேட்டாள். சாப்பிட்டதாகச் சொன்னார். அதன் பிறகு மீதி இருந்த பதினான்கு நிமிடத்தையும் பார்த்து முடித்தார். அறுபதுக்குப் பிறகு படம் மூன்று நிமிடம் ஓடியது. அதையும் பார்த்தார். எதுவும் வரவில்லை. கயிறு இறுகியது, தரை விலகியது. ஐந்து மணிக்குக் கம்ப்யூட்டரை அணைத்தார்.